முன்கண்ணாடியைக் கழற்றி முறையாக மறுபடி ஒட்டித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
நங்கநல்லூர், சென்னை - 61.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
கார் கண்ணாடிப் பிரிவு, சென்னை.

ஐயா,

வணக்கம். தங்கள் கிளையில் என் காரின் முன்கண்ணாடியை மாற்றி மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் இரண்டு முறை வண்டியைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். இரண்டு முறையும் வெளிப்பக்கமாகச் சிலிக்கானைத் தடவி அனுப்பிவிட்டார்கள். நேற்று ராத்திரி மழையில் மறுபடியும் ஒழுகியது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் வரும்போது, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறித்துக் கண்ணாடியில் பட்டது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வடு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்வதுதான் முன்கண்ணாடி. வெளித்தகட்டில் மட்டும்தான் அடி, ரெசின் ஏற்றி அடைத்துவிடலாம், அரை மணி நேர வேலை என்று உங்கள் சர்வீஸ் அட்வைசரே சொன்னார். ஜாப் கார்டிலும் ‘சின்ன சிப், ரெசின் ஃபில்லிங்’ என்றுதான் எழுதியிருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன்.

அந்த அரை மணி நேர வேலைக்காக வண்டி காலை பத்து மணியிலிருந்து உங்கள் வாசலில் வெயிலில் காய்ந்தது. மதியம் ஒரு தம்பி, நல்ல எண்ணத்தில்தான், வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று குழாயைத் திறந்தார். கொதித்துக் கிடந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டதும் ‘டிக்’கென்று ஒரு சத்தம். வடுவிலிருந்து கிளம்பிய கோடு என் கண் முன்னாலேயே வைப்பர் வரை இறங்கியது. அடிபட்ட கண்ணாடியைச் சூட்டோடு நனைக்கக் கூடாது என்று கண்ணாடிக்கடைக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? “சார், அந்த கிராக் முதலிலேயே இருந்தது” என்றார் அட்வைசர். அந்தத் தம்பி மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, இன்சூரன்ஸில் போய்விடும் என்று சமாதானம் சொன்னீர்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் என் கையிலிருந்துதான் போனது. அதைவிடப் பெரிய அடி, மூன்று வருடம் ஒரு கிளெய்மும் போடாமல் சேர்த்த 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ். அடுத்த ரெனியூவலில் அது பூஜ்யம். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் குப்பைக்குப் போய்விட்டது. புதுசு வாங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பரனூர் சுங்கச்சாவடியில் ரொக்கமாக இரட்டிப்புக் கட்டணம் கட்டியபோதுதான் எனக்கே உறைத்தது.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். ஒழுகலை விட முடியாது. ஏசி தண்ணீராக இருக்கும் என்றார்கள். மூன்று நாள் ஸ்டார்ட்டே பண்ணாமல் நின்ற வண்டிக்குள் ஏசி தண்ணீர் எங்கிருந்து வரும்? மனைவியை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, நான் வெளியிலிருந்து கண்ணாடியின் மேல் மூலையில் மக்கால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டாவது மக் காலியாவதற்குள் ஓட்டுநர் பக்கத் தூணுக்குள்ளிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அப்புறம் வரிசையாக ஆக்ஸிலேட்டர் பெடல் மேலேயே விழுந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் ஊறின சாக்கு மாதிரி நாறுகிறது. அந்த மூலையில் கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கை விலக்கி ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினேன், பாதி வரைக்கும் தாராளமாகப் போகிறது.

எங்கள் தெரு டிங்கர் பார்த்துவிட்டு, பழைய பசையைச் சீராகச் சீவாமல், பசை பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமரும் சரியாக அடிக்காமல், மேலேயே ஒட்டியிருக்கிறார்கள் என்றார். யூரித்தேன் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மெதுவாக இறுகுவது. எனக்கோ ஒட்டிய இருபதாவது நிமிடம் சாவியைக் கொடுத்தார்கள். ஷட்டர் இறக்குகிற நேரமாம். கண்ணாடிக்குப் பிடிப்பு இல்லையென்றால் ஒழுகலோடு போகாது. பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் ஆளைத் தாங்குகிறது. என் வண்டியில் அந்த இருக்கை அம்மாவுடையது.

அதனால் மூன்றாவது முறையும் சிலிக்கான் டியூபோடு வராதீர்கள். கண்ணாடியை முழுசாகக் கழற்றி, பழைய பசையைச் சீவி, துரு பிடித்திருந்தால் தேய்த்து, பிரைமர் அடித்துப் புதிதாக ஒட்டுங்கள். கார்ப்பெட்டை எடுத்துக் காயவைத்துத் தாருங்கள். நான் கட்டிய 1,000 ரூபாயும், போன போனஸால் ரெனியூவலில் கூடுதலாகக் கட்டப்போகும் தொகையும் உங்கள் கணக்கு. என்ன பசை, எத்தனை மணிக்கு ஒட்டினீர்கள், எப்போது எடுக்கலாம் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சத்துக்குள் அங்கே கட்டணம் கிடையாது. ஜாப் கார்டும் மக் தண்ணீர் வீடியோவும் கையில் இருக்கின்றன.

சனிக்கிழமை காலை வண்டியை விட வசதிப்படும். தயவுசெய்து யாரும் கழுவ வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்