செல்போன் கோபுரமும் மூட்டுவலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பென்னாகரம் வட்டாரத்தில் தலைவலி, தூக்கமின்மை, மூட்டுவலி என எல்லாவற்றுக்கும் செல்போன் கோபுரமே காரணமாகச் சொல்லப்படுகிறது. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, கோபுரம் தெரியும் சன்னலைத் தகரத்தால் அடைத்து, கோடைப் புழுக்கத்திலும் திறவாமல் படுக்கிறார். அவர் படும் வேதனை உண்மையானது. அதைக் கேலி செய்வது கொடுமை.

ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். அலைகளால் உடல்நலம் கெடுவதாக நம்புவோரை, கருவி இயங்குகிறதா என்று தெரிவிக்காமல் சோதித்த ஆய்வுகளில், அது இயங்காதபோதும் அவர்களுக்கு அறிகுறிகள் தோன்றின. 2011-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளை, ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மைதான். எனினும் அது குறைந்த சான்றுகளின் அடிப்படையிலான எச்சரிக்கையே. இந்தியாவிலோ 2012 செப்டம்பர் முதல், கோபுரக் கதிர்வீச்சு வரம்பு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது.

கோபுரத்தைப் பழிப்பதோடு நின்றுவிட்டால், மூட்டுகளை இறுக்கி, பிள்ளைகளின் பற்களில் கறை படியச் செய்யும் ஃபுளோரைடு நம் ஆழ்துளைக் கிணறுகளில் இருப்பதை மறந்துவிடுவோம் என்பதே என் கவலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இன்னும் கிணற்று நீரையே குடிப்போர் உள்ளனர். எனவே, புகார் எழும் ஊர்களில் மருத்துவ முகாம் நடத்தி, குடிநீரையும் கோபுரக் கதிர்வீச்சையும் ஒருசேர அளந்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்