பாப்பாவுக்கு, பெரம்பூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் குடியை விட்டுக் கூட்டத்துக்குப் போவதைப் பற்றி, போன வாரம் நீ அம்மாவிடம் போனில் கேட்டது என் காதில் விழுந்தது. "இதுவும் மாலை போட்ட மாதிரிதானாம்மா?" ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை, நியாயமான கேள்விதான். வாயால் பதில் சொல்ல ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டேன். 'பார், நினைத்தால் நிறுத்திவிடுவேன்' என்று உங்களிடம் மார்தட்டிக்கொள்ள அது வசதியாக இருந்தது. மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றின அன்று சாயங்காலமே கடையில் நிற்பேன். பாட்டி கூட்டிப்போய் ஒரு வருஷத்துக்குக் கயிறு கட்டினாள், நாலு மாதத்தில் அறுத்தேன். உன் தலையில் அடித்துச் செய்த சத்தியங்களுக்குக் கணக்கே கிடையாது.

கடைசி இரண்டு வருஷம் ஏன் மாலை போடவில்லை தெரியுமா? முட்டிவலி என்று சொன்னேன். உண்மையில், காலையில் ஊற்றாமல் கை நடுக்கம் நிற்காத நிலைக்கு வந்திருந்தேன். நானாக ஒருநாள் நிறுத்திப் பார்த்து மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்ததை அம்மா உன்னிடம் 'மயக்கம்' என்றுதான் சொல்லியிருப்பாள். வருஷக்கணக்காக மொடாக்குடி குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்து நாள் வைத்திருந்தார்கள். கிளம்பும்போது அங்கிருந்த கவுன்சிலர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் எழுதிக் கொடுத்தார்.

முதல் வெள்ளிக்கிழமை அந்தச் சர்ச் பள்ளிக்கூடத்தின் கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ஐசிஎஃப் ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால்? (பட்டப்பகலில் டாஸ்மாக் வாசலில் நின்றபோது இந்த வெட்கம் எங்கே போயிருந்ததோ!) அடுத்த வாரம் உள்ளே போனேன். மூன்றாம் வகுப்பு அறை. குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் மடங்காமல் பத்துப் பன்னிரண்டு பேர். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்திருந்தது. ஒரு ஆட்டோக்காரர், ரிட்டயரான பேங்க் ஆபீசர் ஒருவர், கழுத்தில் கம்பெனி அட்டையோடு உன் வயசுப் பையன் ஒருவன். ஊர், விலாசம், சம்பளம் எதையும் யாரும் கேட்கவில்லை. சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றிவிடுவார்களோ என்றுகூட யோசித்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை, இடம் மட்டும்தான் அவர்களுடையது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும் என்றார்கள்.

ஒவ்வொருவராக எழுந்து, "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தன் கதையைச் சொன்னார்கள். யாரும் இடையில் பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது. பத்து ரூபாயை எடுத்தேன். "முதல் தடவை வர்றவங்க போட வேணாம் சார்" என்று ஆட்டோக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். செலவை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், வெளியார் பணம் வாங்குவதில்லை.

அன்று கேட்ட ஒரு கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். குடியை விட்டுச் சில மாதமே ஆன நியூயார்க் பங்குத் தரகர் ஒருவர், வந்த காரியம் கெட்டு, ஓட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். போனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பானா என்று தேடினார். கிடைத்தவர் ஒரு சர்ஜன். அந்த இரண்டு பேரிடமிருந்துதான் இதெல்லாம் ஆரம்பித்ததாம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஐந்தாவது வாரம் நான் குடித்தேன், பாப்பா. ஒரு குவார்ட்டர். அம்மாவுக்குத் தெரியும். மாலை போட்டிருந்தபோது தவறியிருந்தால் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். இங்கே அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். யாரும் 'ஐயோ' என்று சொல்லவில்லை. கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. இன்றைக்கு 73. மாலைக்குக் கழற்றும் தேதி ஒன்று இருந்தது, விரல்விட்டு எண்ணுவேன். இங்கே இன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் இருந்தால் சரி. சாயங்காலம் ஏழு மணிதான் பாடாய்ப் படுத்துகிறது. அப்போது பேங்க் ஆபீசருக்குப் போன் போடுவேன். அவர்தான் என் ஸ்பான்சர், அதாவது எனக்கு முன்னாலேயே குடியை விட்டு இப்போது எனக்கு வழிகாட்டுபவர். மனுஷன் கிரிக்கெட் பேசியே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுகிறார்.

அம்மாவும் சனிக்கிழமை அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறாள், அது குடும்பத்தாருக்கு. முதல் நாள் போய்விட்டு வந்து, "உங்களுக்குக் காய்ச்சல்னு ஃபோர்மேனுக்கு எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன்!" என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் வெகுநேரம் அழுதாள்.

உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததைப் பற்றி இதில் நான் ஒன்றும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். குடியிலிருந்து மீள ஏ.ஏ.வில் சொல்லும் படிகளில், யாருக்கெல்லாம் கெடுதல் செய்தேன் என்று பட்டியல் போடுவது எட்டாவது படி, போய் ஈடு செய்வது ஒன்பதாவது. நான் இன்னும் அங்கே வரவில்லை, ஸ்பான்சர் அவசரப்படாதீர்கள் என்கிறார். அதனால் இப்போது மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எத்தனையோ வருஷமாக நீ காலையில் மட்டும்தான் கூப்பிடுகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் ராத்திரி கூப்பிடு. செவ்வாய், வெள்ளி மட்டும் ஒன்பதுக்கு மேல், கூட்டம் முடிந்து நடந்து வர நேரமாகும். நானே எடுக்கிறேன்.

அப்பா