80 கிரெய்ன் குண்டும் 9 அங்குலப் புரியும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும், அதனுள் நான்காக மடித்து வைத்திருந்த இலக்குத் தாளும் வந்து சேர்ந்தன. தாளில் பத்துத் துளைகள். ஏழு வட்டமாக இருக்கின்றன, மூன்று நீண்டு கிழிந்திருக்கின்றன. அந்த மூன்றில் ஒன்று, குண்டைப் படுக்கவைத்து அச்செடுத்தது போலவே இருக்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில், கடிதத்தைப் படிக்கும் முன்பே சங்கதி விளங்கிவிட்டது. துப்பாக்கித் தோட்டாவின் மருந்தை மாற்றினேன், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரை மாற்றினேன், குண்டு அமரும் ஆழத்தையும் மாற்றினேன் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பாவம், அவற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. வெயில் காலத்தில் ஒழுங்காகப் போன 80 கிரெய்ன் (குண்டை நிறுக்கும் சிற்றெடை அலகு) குண்டு உறைபனிக் காலையில் பக்கவாட்டில் போய் விழுகிறதென்றால், குழலின் உட்புறத்தில் திருகாக வெட்டிக் குண்டைச் சுழல வைக்கும் புரி அதற்குப் போதவில்லை என்றுதான் பொருள்.

முதலில் அந்தப் புரி உண்மையிலேயே 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தானா என்று தாங்களே அளந்து பாருங்கள். 8 என்று பொறித்திருந்த ஒரு குழலை நம்பி வாங்கி, இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அளந்தபோது எட்டேமுக்கால் இருந்ததைக் கண்டவன் நான். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கைப்பிடி தனியாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணித்துண்டு ஒன்றை மாட்டிக் குழலுக்குள் ஓர் அங்குலம் செலுத்துங்கள். கம்பியின் மேற்புறம் ஒரு மைப்புள்ளி வையுங்கள். குழலின் பின்வாயை ஒட்டி இன்னொரு கோடு போடுங்கள். பிறகு மெதுவாகத் தள்ளினால் புள்ளி சாய்ந்து, அடியில் மறைந்து, மறுபக்கமாக ஏறி மீண்டும் உச்சிக்கு வரும். அதற்குள் கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிற்றோ அதுவே புரி. துணி வழுக்கினால் கணக்குப் பொய்த்துவிடும் என்பதால் மூன்று முறை செய்து பாருங்கள்.

இனிக் குண்டுக்கு வருவோம். பெட்டியில் பெரிய எழுத்தில் எடையைத்தான் அச்சிடுகிறார்கள். குழலுக்கோ எடையைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை, அது பார்ப்பது நீளத்தை. குட்டையான பம்பரம் சோம்பலாகச் சுற்றினாலும் நிற்கும், நெட்டையான பம்பரம் வேகமாகச் சுற்றினால்தான் நிற்கும். ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-இல் இதை ஒரு வரியில் அடக்கிவிட்டார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் வேண்டிய புரி கிடைக்கும். வேகம் நொடிக்கு 2800 அடியைத் தாண்டினால் 150-க்குப் பதில் 180 கொள்வது வழக்கம். என்னிடமுள்ள 80 கிரெய்ன் குண்டு வெர்னியர் காலிப்பரில் 1.08 அங்குலம் காட்டுகிறது. விட்டம் 0.224. தாராளமாக 180 வைத்துக் கணக்கிட்டாலும் 8.4 அங்குலப் புரி கேட்கிறது, 150 வைத்தால் 7 கேட்கிறது. தங்களிடம் இருப்பதோ 9; எண் கூடக்கூடச் சுழற்சி குறையும்.

கிரீன்ஹில் கணக்கு போதும், போதாது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு போதாது என்று அறிய நான் டான் மில்லரின் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கிறேன். அது தரும் நிலைப்பு எண் 1-க்குக் கீழே போனால் குண்டு தலைகுப்புற உருளும், 1.5 இருந்தால் கவலை இல்லை. 9 அங்குலப் புரியில், 2800 அடி வேகத்தில், 15 டிகிரி செல்சியஸில், கடல்மட்டக் காற்றில் அந்த 80 கிரெய்ன் குண்டுக்கு 1.13 வருகிறது. வெப்பம் 30 டிகிரி என்றால் 1.19, உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி என்றால் 1.03. குளிரில் காற்று அடர்த்தியாகி, குண்டைக் கவிழ்க்கும் விசை கூடுவதுதான் காரணம். பத்தில் மூன்று ஏன் கவிழ்ந்தன என்பது இப்போது தெரிகிறதல்லவா? தாங்கள் சுட்டது விளிம்பின் மேல்.

இதில் தங்களுக்கு வெட்கம் வேண்டாம். அமெரிக்கப் படையின் எம்16 துப்பாக்கியின் தொடக்கக் காலக் குழல்கள் 14 அங்குலப் புரியோடு வந்து, கடுங்குளிர்க் காற்றில் 55 கிரெய்ன் குண்டையே சரியாக நிலைநிறுத்த முடியாமல் 12 அங்குலத்துக்கு மாற்றப்பட்டன. பின்னர் அதன் பிந்தைய வடிவமான எம்16ஏ2-வில் அது 7 அங்குலமாக இறுகியதற்குக் காரணமும் 62 கிரெய்ன் குண்டு அன்று, அதன் துணையாக வந்த நீளமான ஒளித்தடக் குண்டுதான் (பறக்கும் வழியை ஒளியால் காட்டுவது). 1955-இல் துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் தனது .244 தோட்டாவுக்கு 12 அங்குலப் புரியையும், போட்டி நிறுவனமான வின்செஸ்டர் தனது .243-க்கு 10 அங்குலப் புரியையும் வைத்தார்கள். இரண்டும் ஒரே விட்டம்தான். ஆனால் 100 கிரெய்ன் குண்டை விரும்பிய வேட்டைக்காரர்கள் .243-இன் பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டன் புரியை 9 ஆக்கி, பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தும் இழந்த இடம் திரும்பவில்லை.

தங்கள் கடிதத்தில் என்னைச் சற்றுப் பதற வைத்தது கடைசிப் பத்திதான். மருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றினால் குண்டு நிமிர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். நிலைப்பு எண்ணில் வேகத்தின் பங்கு கனமூல அளவில்தான் வருகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினாலும் அந்த எண் மூன்று விழுக்காடு மட்டுமே நகரும், அதற்குள் அழுத்தம் ஆபத்தான எல்லையைக் கடந்திருக்கும். புரியின் பங்கோ வர்க்க அளவில் வருகிறது. 9-ஐ 8 ஆக்கினால் 27 விழுக்காடு கூடி, தங்கள் குண்டுக்கு 1.43 கிடைத்துவிடும். மேலும், நீளமான குண்டு பித்தளைக் கூட்டுக்குள் ஆழமாக இறங்கினால் மருந்துக்கான இடம் சுருங்கி, அதே மருந்துக்கே அழுத்தம் ஏறும். ஆகவே குண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் கையேட்டிலுள்ள தொடக்க அளவிலிருந்துதான் ஏறி வர வேண்டும். 77 கிரெய்னுக்குப் பழகிய அளவை 80-க்கு அப்படியே போடக் கூடாது.

ஈயமில்லாத முழுத் தாமிரக் குண்டுகளை முயலப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாமிரத்தின் அடர்த்தி ஏறத்தாழ 8.9, ஈயத்துக்கு 11.3. அதனால் ஒரே எடையில் தாமிரக் குண்டு நீண்டுவிடும். 9 அங்குலப் புரியில் எடையை இரண்டு படி இறக்கித் தொடங்குங்கள். புரி மிகையானால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: மெல்லிய உறையுள்ள குண்டுகளை 7 அங்குலப் புரியில் 3200 அடி வேகத்தில் சுட்டால் அவை நிமிடத்துக்கு 3,29,000 சுற்றுச் சுற்றும், சில வழியிலேயே சிதறும். மற்றபடி மிகைக்கு நான் அஞ்சுவதில்லை, குறைக்குத்தான் அஞ்சுகிறேன். துளை வட்டமாக விழுந்தாலும், நிலைப்பு எண் 1.5-க்குக் கீழே இருக்கும் குண்டு மெல்லத் தள்ளாடிக் காற்றுத் தடையைக் கூடுதலாக வாங்கும். அது 100 கஜத்தில் தெரியாது, 600-இல் தெரியும்.

குழலை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லையென்றால் 77 கிரெய்னுக்கு இறங்குங்கள். 0.995 அங்குல நீளமுள்ள குண்டுக்குத் தங்கள் குழலில் 1.38 வருகிறது, பனியிலும் கவிழாது. 69 கிரெய்ன் என்றால் 1.65, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பருவத்தை 69-ஐ வைத்து ஓட்டிவிட்டு, குழல் தேய்ந்து மாற்றும் நாளில் 8 அங்குலத்தைக் கேட்டு வாங்குவேன்.

மிச்சமிருக்கும் 80 கிரெய்ன் குண்டுகளை எறிந்துவிடாதீர்கள், என் குழல் 7 அங்குலம். அவற்றில் பத்தை அளந்து, நீளத்தையும் கம்பி காட்டும் புரியையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கணக்கைத் திரும்பவும் போட்டு அனுப்புகிறேன்.

தங்கள் அன்பு நண்பன்