ஏர்வாடிக்கு ஒரு கடிதம்

திருமங்கலம்,
ஞாயிறு காலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் வீட்டில் இருப்பவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு மீனாட்சிக்கு ஒரு கும்பிடு போட்டாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது.

பேரனைப் பற்றி நீ கடைசியில் எழுதியிருந்த நான்கு வரிகளுக்காகத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். கோயம்புத்தூர் விடுதியில் முதல் நாள் ஒவ்வொருவனும் ஊரைச் சொல்ல, இவன் ஏர்வாடி என்றதும், மனநோயாளிகளைக் கூட்டி வரும் தர்கா ஊராயிற்றே என்று, "சங்கிலியை யார் அவிழ்த்துவிட்டது?" என்று ஒருவன் கேட்டானாம், அறையே சிரித்ததாம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் கீழக்கரைப் பக்கம் என்று சொல்கிறானாம். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் ஊரின் பெயரை மறைக்கிறான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தைத் தொடர முடியாது. ஜங்ஷனில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ்.ஸில் இரவு வேலை பார்த்த காலத்தில், எங்களோடு வேலை செய்த ஒருவர் திடீரென்று தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். கடிதங்களைக் கட்டம் மாற்றிப் போட்டார். ஒருநாள் ராமேஸ்வரம் பை திண்டுக்கல் பக்கம் போய்விட்டது. அன்று நான் எல்லோர் முன்னாலும் "இவரை ஏர்வாடிக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த கடிதக் கட்டை நூல் அவிழாமல் மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். பிறகுதான் தெரிந்தது, மனைவியைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீ ஏர்வாடிக்காரன், என் உயிர் நண்பன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது உன் முகம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. உன் பேரனைக் கேலி செய்த பிள்ளைகளை நான் திட்டத் தொடங்கினால் முதல் திட்டு எனக்குத்தான் விழ வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழையா ஆகுபெயர் நடத்தியது உனக்கு நினைவிருக்கும். இடவாகுபெயருக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னார். "ஊர் சிரித்தது" என்று புத்தகத்தில் இருந்ததை எல்லோரும் சொல்ல, நீ மட்டும் முந்தின நாள் கபடிப் போட்டியை வைத்து "திருமங்கலம் தோற்றது" என்றாய். வகுப்பு முழுக்க உன்மேல் பாய்ந்தது. ஐயா மட்டும் சரி என்றார். ஊரின் பெயரைச் சொன்னால் அதற்குள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று விளக்கினார். அந்த விளக்கத்தை இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன். "திருமங்கலம் தோற்றது" என்று நீ சொன்னதில் நாங்கள் ஏழு பேரும் இருந்தோம், முழங்கால் சிராய்ப்போடு. "ஏர்வாடிக்கு அனுப்பு" என்று நான் சொன்னதில் ஏர்வாடிக்காரன் ஒருவன்கூட இல்லை. தர்கா இல்லை, சந்தனக்கூடு இல்லை, உன் வீடும் இல்லை. ஊரை வெளியே தள்ளிவிட்டு வெறும் பெயரை எடுத்துக்கொண்டோம்.

தபால் பிரித்தவனுக்கு இது இன்னும் உறுத்துகிறது. எனக்கு ஏர்வாடிகள் இரண்டு. ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் உன் ஊர், இன்னொன்று நெல்லைப் பக்கம் நாங்குநேரிக்கு அருகில். மாவட்டத்தின் பெயர் எழுதாத உறை வந்தால் தெரு, பெறுபவர், அனுப்பியவர் என்று எல்லாவற்றையும் பார்த்து எந்த ஏர்வாடி என்று கண்டுபிடிப்போம். கேலி செய்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. நெல்லை ஏர்வாடிப் பிள்ளைகளும் வெளியூரில் இதே சிரிப்பைத்தான் வாங்குகிறார்களாம்.

இதில் என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் உன் ஊரில் ஒரு மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. அன்று மாலை உனக்குப் போன் செய்தேன்; நீ பேசவே இல்லை, அழுதாய். விடுதியில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டு சொன்ன சங்கிலி அதுதான். அவனுக்குத் தெரிந்திருக்காது, அவன் அப்போது பிறந்தே இருக்கமாட்டான். அதனால்தான் சொல்கிறேன், உன் பேரனுக்கு அதை முழுதாகச் சொல்லிக் கொடு. செய்யது இப்ராகிம் ஷஹீதின் அடக்கத்தலத்துக்கு இந்துவும் முஸ்லிமும் ஏன் வருகிறார்கள், வைத்தியத்துக்கு வழியில்லாத குடும்பங்கள் எந்த நம்பிக்கையில் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தன, அவர்களுக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் உன் அம்மா எத்தனை நாள் கஞ்சி ஊற்றினார்கள் என்பதையெல்லாம் சொல். கைவிடப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்ததால் அல்லவா உன் ஊர் இந்தப் பெயரை வாங்கியது?

என் ஊர் வாங்கிய பெயரோ வேறு கதை. போன மாதம் வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். எதிர் இருக்கையில் படித்த மனிதர் ஒருவர். எந்த ஊர் என்று கேட்டார், திருமங்கலம் என்றேன். "ஓ, ஃபார்முலா ஊரா!" என்றார். 2009 ஜனவரி இடைத்தேர்தல் முடிந்து இவ்வளவு காலம் ஆகியும் தமிழ்நாட்டில் எந்த மூலையில் ஓட்டுக்குப் பணம் கொடுத்தாலும் "திருமங்கலம் ஃபார்முலா" என்றுதான் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். வாங்கியவர்களே இங்கு இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு ரூபாய்கூட வாங்காமல் கொளுத்தும் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களை என் கண்ணால் பார்த்தவன் நான். கொடுத்தவர்களின் பெயரை யாரும் அந்தச் சொல்லில் சேர்க்கவில்லை, ஊரின் பெயரைத்தான் சேர்த்தார்கள். மீனாட்சியின் கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்து கொடுத்ததால் திருமங்கலம் என்று எங்கள் பாட்டி சொல்வாள். சித்திரையில் திருக்கல்யாணத்தன்று இங்குள்ள பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும்போது, "நம்ம ஊர்த் தாலி ஏறுது" என்று அவள் சொல்லும் குரலில் ஒரு கர்வம் இருக்கும். அதை அந்த ரயில் மனிதரிடம் சொன்னேன். விழுப்புரம் வரை கேட்டுக்கொண்டே வந்தார், அது ஓர் ஆறுதல்.

எல்லா ஊருக்கும் இப்படிக் கெட்டது மட்டும் ஒட்டிக்கொள்வதில்லை. மதுரையைப் பார். "உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேட்டால் போதும், நம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மதுரை என்றால் மனைவி சொல்வது, சிதம்பரம் என்றால் கணவன் சொல்வது. அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டுத்தான் சுவாமி சந்நிதிக்குப் போகிறோம், பேச்சு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கோயில் கணக்கில் மீனாட்சிக்கு நான்கு மாதம்தான் ஆட்சி, சித்திரைப் பட்டாபிஷேகத்தில் செங்கோல் வாங்கி ஆவணியில் சொக்கரிடம் கொடுத்துவிடுகிறாள். மீதி எட்டு மாதமும் அவருடையது. நம் ஜனங்களின் பேச்சு அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு வருடம் முழுவதையும் அவளுக்கே கொடுத்துவிட்டது. எனக்கு இதைவிடப் பிடித்த சொல் தமிழில் குறைவு. எங்கள் வீடு எது என்று நீ கேட்கவே வேண்டாம்.

மாட்டுத்தாவணி இன்னும் விசேஷம். மாட்டுச் சந்தைக்குத்தான் தாவணி என்று பெயர். மாடுகள் போய் பஸ்கள் வந்தன, பெயர் அப்படியே நின்றது. இப்போது பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால், "வீடா இது, மாட்டுத்தாவணியா?" என்கிறாள் உன் தங்கை. பொதுச்சொல் ஊர்ப்பெயராகி, அந்த ஊர்ப்பெயர் மறுபடியும் பொதுச்சொல்லாகிவிட்டது.

நம் கண் முன்னால் ஒரு பெயர் வளர்ந்ததையும் பார்த்தோமே. நான் வேலையில் இருந்தபோது கீழடி என்று எழுதிய உறை வந்தால் சிலைமான் பக்கம் என்று ஒரு நொடி யோசிப்பேன். தென்னந்தோப்பும் வயலும்தான். 2015இல் பள்ளிச்சந்தைத் திடலில் தோண்ட ஆரம்பித்தார்கள். செங்கல் கட்டடமும் தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகளும் வெளியே வந்தன, கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்றார்கள். இன்று வேறு எங்கே பழைய ஓடு கிடைத்தாலும் "இன்னொரு கீழடி" என்கிறார்கள். போன வாரம் எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டியபோது உடைந்த பானையின் கழுத்து ஒன்று வந்தது. வேலை செய்த பெண் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்து, "கீழடியா இருக்குமோ ஐயா?" என்று என்னிடம் நீட்டினாள். நேற்றைய சட்டியாகக்கூட இருக்கலாம். அதை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. திண்ணையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பத்து வருடத்தில் ஒரு பெயருக்கு இவ்வளவு மரியாதை வர முடியும் என்றால் ஏர்வாடிக்கும் வரும் மாப்பிள்ளை. அதற்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் பெயரை மறைக்காமல் இருக்க வேண்டும்.

பேரனுக்குத் தனியாக ஒரு கடிதம் விடுதி முகவரிக்கு எழுதி நேற்றே போட்டுவிட்டேன். அவன் பெயருக்குக் கீழே "ஏர்வாடி தர்கா, இராமநாதபுரம் மாவட்டம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்கும் கீழேதான் விடுதியின் பெயரைப் போட்டிருக்கிறேன். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஓர் உறை வந்திருந்தால் எழுதியவனைக் கோபித்திருப்பேன். பின்கோடு சரியாக இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடும்.

சித்திரைத் திருவிழாவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகலாம், நான் இன்னும் உள்ளே முழுதாகப் பார்க்கவில்லை. வரும்போது பனங்கருப்பட்டி இரண்டு கிலோ மறந்துவிடாதே. போன தடவை கொண்டு வந்தது தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது, தினமும் எனக்குத்தான் பேச்சு விழுகிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உன் மச்சான்