நடுமுன் தண்ணீரைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

கடலோரச் சதுப்பு நிலத்தில் அலையாத்திக் கன்று நடும் குழுவோடு சேரப் போவதாக எழுதியிருந்தாய். சேர், சந்தோஷம். ஆனால் கன்றைக் கையில் எடுக்குமுன் அவர்களிடம் ஒன்று கேள்: இங்கே முன்பு அலையாத்தி இருந்ததா? இருந்தது என்றால் ஏன் அழிந்தது? அந்தக் காரணம் அப்படியே கிடந்தால் புதுக் கன்றும் அதே வழியில்தான் போகும்.

எத்தனை ஆயிரம் நட்டோம் என்று மட்டும் சொல்பவர்களிடம், ஐந்து வருஷம் கழித்து எத்தனை நின்றது என்று கேட்டுப் பார். பிலிப்பைன்ஸில் பல்லாண்டுகள் பெரும் பணம் கொட்டி நட்டதில் பிழைத்தது பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான். சுரபுன்னை என்ற அலையாத்தி வகையின் நீண்ட முளைக்காயைச் சேற்றில் குத்துவது சுலபம் என்பதால், சராசரிக் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வெறும் சேற்றுத் திட்டில் போய்க் குத்தினார்கள். அங்கே தண்ணீர் வடிந்து தரை மூச்சு விட நேரமில்லை. அலை பிடுங்கும், கொட்டலசு என்ற ஓட்டு உயிரி தண்டில் அப்பும், கன்று சாகும். தவிர, அந்தத் திட்டு வலசை வரும் உள்ளான் போன்ற கரைப்பறவைகளின் இரைநிலம். அதைக் காடாக்க நினைப்பதே தவறு. அலையாத்திக்கு உரிய தரை, சராசரிக் கடல் மட்டத்துக்கும் உச்ச ஓதத்துக்கும் (கடல் நீர் ஏறும் உச்ச மட்டம்) நடுவே இருப்பது. மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாக மூழ்கும் உயரம். உயரமும் நீரோட்டமும் சரியாகி, பக்கத்தில் தாய்மரங்களும் இருந்தால், விதை தானே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும்.

ஆகவே முதலில் ஓதம் உள்ளே வருகிறதா என்று அளந்துவிடு. சதுப்பின் குறுக்கே போகும் சாலைக்கடியில் போட்ட குழாய் சிறியதாக இருந்தால் உட்புறம் நீர் ஏறவும் ஏறாது, மழைநீர் வடியவும் வடியாது. அமாவாசை அல்லது பௌர்ணமி ஓதத்தன்று குழாயின் இரு பக்கமும் அளவுகோல் நட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவலால் இரண்டின் பூஜ்யத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவா. கால் மணிக்கு ஒருமுறை குறித்து வா. கடல் பக்கம் உச்சம் தொட்ட பிறகும் உட்பக்கம் வெகுவாகத் தாழ்ந்தே நின்றால் குழாய் போதவில்லை. ஆயிரம் கன்றைவிட ஒரு பெரிய குழாய் அங்கே அதிகம் செய்யும்.

சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பயப்படாதே, காற்றுப்படாத உப்புச் சேற்றுக்கு அது இயல்பு. பயப்பட வேண்டியது அதே சேற்றை வடித்துக் காயவிடும்போது. உள்ளே இருக்கும் இரும்பு சல்பைடு காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகிறது. அடுத்த மழை அதை ஓடைக்குள் இறக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4-க்குக் கீழே போய் மீன் செத்து மிதக்கும். அப்போது தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சுத்தம் என்று ஏமாந்துவிடாதே, கரையில் துருநிறப் படிவு இருக்கிறதா பார்.

அதன் பிறகு ஓடையைப் பிடித்து மேலே நட. வயல் உரமும் கழிவுத்தொட்டிக் கசிவும் பாசியை வளர்க்கும். இரவில் அது கரைந்த ஆக்சிஜனைத் தின்னும். நண்பகலில் அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும், பாசி பகலில் ஆக்சிஜனை விடுவதால். விடியுமுன் அள. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மீன் திணறும். 2-க்குக் கீழே ஓடமுடிந்தது ஓடும், மற்றது சாகும். ஓடைக்கரையில் உழாமல் விட்ட பத்து முதல் முப்பது மீட்டர் அகலப் புல்லும் மரமும் உரத்தையும் மண்ணையும் நிறையப் பிடித்துவைக்கும். குழாய் வழியாக நேரே விழும் வயல்வடிகாலை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அதற்கு வடிகால் முனையில் ஒரு சிறு குட்டை வேண்டும்.

நீ கொடுக்க நினைத்திருக்கும் பணத்தை இந்த ஓடைக்கரைக்கும், சாலைக் குழாய்க்கும், ஐந்து வருஷக் கண்காணிப்புக்கும் ஒதுக்கச் சொல். கண்காணிப்புக்குத்தான் எங்கும் ஆள் கிடைப்பதில்லை.

முதல் ஓத அளவு எடுத்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஒவ்வொரு அளவுக்கும் எதிரே மணியை மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா