பேனரின் படம் போதாது, லேயர் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்

மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஆலயங்களின் நிர்வாகத்தினருக்கும், அவர்களுக்குப் பேனர் வடிவமைத்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், பேனர் அச்சடிக்கும் நாங்கள் எழுதுவது.

வணக்கம்.

ஆடி நெருங்கினால் அச்சுக்கடைக்கு வரும் வேண்டுகோள் பெரும்பாலும் ஒன்றுதான்: "போன வருசப் பேனரேதான், தேதியை மட்டும் மாத்திக் குடுங்க." கூடவே வருவது வாட்ஸ்அப்பில் நாலு பேர் கைமாறிய ஒரு ஜேபிஜி. அதில் தேதி என்று தனியாக எதுவும் கிடையாது. தேதியும் அதன் பின்னால் இருக்கும் கோபுரமும் பூ வேலைப்பாடும் ஒரே படமாக ஒட்டிப்போயிருக்கும். அதன் மேல் கட்டம் போட்டு மறைத்துப் புதுத் தேதி எழுதலாம். ஒட்டுப்போட்டது ஊருக்கே தெரியும். இல்லையென்றால் முழுப் பேனரையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகி, அதற்கான வெள்ளியும் (ரிங்கிட்) ஆலயக் கணக்கிலிருந்துதான் போகிறது.

ஆகவே நிர்வாகத்தினருக்கு எங்கள் வேண்டுகோள்: யார் வடிவமைத்தாலும் அச்சுக்கான படத்தோடு, தேதி, எழுத்து, படம் ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக (லேயர்) பிரிந்திருக்கும் மூல ஃபைலையும், பயன்படுத்திய எழுத்துருக்களையும் கேட்டு வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் செய்தது என்றால் பிஎஸ்டி ஃபைல். பணம் கொடுத்துச் செய்வதாக இருந்தால் தொகையைப் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். மூல ஃபைலுக்குச் சிலர் தனியாகக் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை, கொடுப்பதிலும் நட்டமில்லை. வாங்கியதைச் செயலாளரின் சொந்தக் கைப்பேசியில் வைக்காமல் ஆலயத்தின் பென் டிரைவ் ஒன்றிலும், ஆலயத்தின் பெயரில் திறந்த மின்னஞ்சல் கணக்கின் டிரைவிலும் வையுங்கள். நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதுவும் கைமாற வேண்டும்.

இனி, வடிவமைக்கும் பிள்ளைகளுக்கு. லேயர் வசதி ஃபோட்டோஷாப்பில் 1994இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இருந்தும் எங்களிடம் வரும் ஃபைல்களைத் திறந்தால் 'லேயர் 1', 'லேயர் 1 காப்பி', 'லேயர் 1 காப்பி 2' என்று எண்பது வரிசை நிற்கிறது. உபயதாரர் பெயரைத் தேட ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் இருக்கும் கண் அடையாளத்தை மூடித் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆலயப் பேனரின் லேயர்களைத் தொகுத்து வைக்க ஐந்து குரூப் போதும். பட்டியலில் மேலே இருப்பதுதான் பேனரில் முன்னால் தெரியும் என்பதால், மேலிருந்து இந்த வரிசை சரியாக வரும்: அளவுக்குறிப்பு, மாறுபவை, மாறாதவை, படங்கள், பின்னணி. 'மாறுபவை'யில் தேதி, நேரம், உபயதாரர் பட்டியல், சிறப்பு விருந்தினரின் படமும் பெயரும். 'மாறாதவை'யில் ஆலயப் பெயர், முகவரி, மலாய் வரிகள். 'படங்கள்' குரூப்பில் அம்மன், கோபுரம். வேண்டிய லேயர்களைக் கண்ட்ரோலை அழுத்தியபடி ஒவ்வொன்றாகத் தேர்ந்து, கண்ட்ரோல் ஜி அழுத்தினால் குரூப் ஆகிவிடும். கண் அடையாளத்தின் மேல் வலது கிளிக் செய்தால் நிறம் கொடுக்கலாம். 'மாறுபவை'க்குச் சிவப்பு கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு யார் திறந்தாலும் எங்கே கைவைப்பது என்று உடனே தெரியும்.

பெயர் வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுத்து லேயர், நீங்கள் பெயர் வைக்காதவரை தன்னுள் இருக்கும் வரியையே பெயராக எடுத்துக்கொள்ளும். வரியை மாற்றினால் பெயரும் மாறும். நீங்களாக ஒரு பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு மாறாது. 'ஆகஸ்ட் 3' என்று பெயரிட்ட லேயருக்குள் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 இருக்கும், பெயர் மட்டும் பழையதாகவே நிற்கும். எனவே உள்ளே இருப்பதை வைத்துப் பெயரிடாமல் அதன் வேலையை வைத்துப் பெயரிடுங்கள்: 'தேதி-கிழமை', 'உபயம்-பால்குடம்', 'உபயம்-அன்னதானம்'. கிழமையும் தேதியும் ஒரே லேயரில் இருக்கட்டும். 3.8.2025 ஞாயிறு, அதே தேதி 2026இல் திங்கள். தேதியை மாற்றியவர் வேறு லேயரில் கிடக்கும் கிழமையை மறந்துவிடுவது திருவிழாப் பேனர்களில் சாதாரணமாக நடக்கிறது. பெயர் மாற்ற லேயர் பெயரின் மேல் இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். டேப் விசையை அழுத்தினால் அடுத்த லேயரின் பெயருக்குப் போய்விடலாம், வரிசையாக முடிந்துவிடும்.

தேடுவதற்கு: லேயர் பேனலின் உச்சியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் 'நேம்' தேர்ந்து 'உபயம்' என்று அடித்தால் அந்தப் பெயருள்ளவை மட்டும் நிற்கும். 'கைண்ட்' வைத்து 'டி' அடையாளத்தை அழுத்தினால் எழுத்து லேயர்கள் மட்டும். வேலை முடிந்ததும் வடிகட்டியை அணைத்துவிடுங்கள். "என் லேயரெல்லாம் காணோம்" என்று பதறுபவர்களில் பாதிப் பேர் அதை அணைக்க மறந்தவர்கள்.

மூவ் கருவியின் 'ஆட்டோ செலக்ட்' எப்போதும் அணைந்தே இருக்கட்டும். அது எரிந்துகொண்டிருந்தால் தேதியை நகர்த்தப்போய்ப் பின்னணியின் பூ வேலைப்பாட்டை இழுத்துவிடுவீர்கள், அரை அங்குலம் நகர்ந்தது அச்சாகித் தொங்கும்போதுதான் கண்ணில் படும். தேவைப்படும்போது கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு படத்தின் மேல் கிளிக் செய்தால் அந்த இடத்தின் லேயர் தேர்வாகும். அதே இடத்தில் வலது கிளிக் செய்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் லேயர்களின் பெயர்ப்பட்டியல் வரும். பெயர் ஒழுங்காக வைத்ததன் பலன் அங்கே தெரியும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஒரு கண்ணைக் கிளிக் செய்தால் அந்த லேயர் மட்டும் தெரியும், மறுபடி செய்தால் எல்லாம் திரும்பும். 'பின்னணி' குரூப்பைப் பூட்டு அடையாளம் அழுத்திப் பூட்டிவிடுங்கள்.

பேனரிலிருந்து பந்திங் (நெட்டுக்குத்தாகத் தொங்கும் சிறு பேனர்) செய்யும்போது வரும் கோளாறு தனி ரகம். ஆலயப் பெயருக்கு வெள்ளை ஸ்ட்ரோக்கும் (ஓரக்கோடு) நிழலும் கொடுத்திருப்பீர்கள். 10 அடிக்கு 3 அடி பேனரில் இருக்கும் அந்த எழுத்தை 2 அடி அகலப் பந்திங்குக்காகக் கண்ட்ரோல் டி போட்டுச் சுருக்கினால் எழுத்து சுருங்கும், ஸ்ட்ரோக் சுருங்காது. தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். 'கருமாரியம்மன்' என்பதில் 'ம்ம' நெருங்கி ஒரே கட்டியாகும். 'அருள்மிகு'வில் 'ள்' என்ற எழுத்தின் சுழி அடைந்து வெள்ளைப் பொட்டாகிவிடும். சுருக்குவதற்கு முன்பு லேயரை 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' (மூல வடிவத்தை உள்ளே காத்து வைக்கும் லேயர்) ஆக மாற்றிக்கொண்டால் ஸ்ட்ரோக்கும் கூடவே சுருங்கும். எழுத்தை அப்படியே வைத்திருக்க விரும்பினால் 'லேயர் ஸ்டைல்' மெனுவில் 'ஸ்கேல் எஃபெக்ட்ஸ்' சென்று அதே விழுக்காட்டைக் கொடுங்கள். அம்மன் படத்தையும் ஆரம்பத்திலேயே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடுங்கள்; சிறிதாக்கிப் பிறகு பழைய அளவுக்குப் பெரிதாக்கினாலும் முகம் மங்காது.

அம்மன் முகத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டப் போட்ட அட்ஜஸ்ட்மென்ட் லேயர், கீழே இருக்கும் அத்தனையையும் வெளுக்கச் செய்யும். கண்ட்ரோல் ஆல்ட் ஜி அழுத்தி அதைப் படத்தோடு மட்டும் பிணைத்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் பலர் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால்தான் தரம் என்று நம்புகிறார்கள். 10 அடி என்பது 120 அங்குலம். 300 வைத்தால் 36,000 பிக்சல். பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, பெரிய ஃபைல்களுக்கான பிஎஸ்பி வடிவத்தில் சேமிக்க வேண்டிவரும், கணினியும் திணறும். சாலையோரம் தொங்குவதற்கு 100 தாராளம்: 12,000க்கு 3,600 பிக்சல். அளவுக்குறிப்பு குரூப்பில் நான்கு பக்கமும் 3 அங்குலம் உள்ளே ஒரு கோடு போடுங்கள். கயிறு கட்ட அடிக்கும் வளையம் அந்த ஓரத்தில்தான் வரும்; எழுத்து அதைத் தாண்டக் கூடாது. அச்சுக்கு அனுப்பும்போது அந்தக் குரூப்பின் கண்ணை மூடிவிடுங்கள்.

நன்கொடைக்கு டூயிட்நவ் (மலேசிய மின்பணப் பரிமாற்ற) கியூஆர் போடுவதானால் அது தனி லேயரில், வெள்ளைக் கட்டத்தின் மேல், நிழலோ நிறப்பூச்சோ இல்லாமல் இருக்கட்டும். பொருளாளர் மாறி ஆலயத்தின் வங்கிக் கணக்கும் மாறினால் முதலில் மாற வேண்டியது அதுதான். அச்சுக்கு அனுப்பும் முன் திரையிலேயே ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பிரிஃபரன்ஸஸில் 'டைப்' பகுதியில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' போடுங்கள். எங்களுக்கு அனுப்பும் நகலில் மட்டும் எழுத்தை 'கன்வர்ட் டு ஷேப்' கொடுத்து வெறும் வடிவமாக மாற்றலாம். மூலத்தில் செய்தால் எழுத்தைத் திருத்தும் வழி அடைந்துபோகும்.

பழைய ஆண்டின் தேதியைக் கண் மூடி உள்ளே வைத்திருக்காதீர்கள், அழித்துவிடுங்கள். யாராவது ஒருவர் எல்லாக் கண்ணையும் திறப்பார். இரண்டு தேதி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். விருந்தினர் மட்டும் விதிவிலக்கு, அவர்களை அழிக்காமல் வைத்திருக்கலாம். தேர்தல் வந்தால் வை.பி. (மக்கள் பிரதிநிதி) மாறுவார், ஆண்டு நடுவே ஒருவர் டத்தோ பட்டம் பெறுவார். 'மாறுபவை'க்குள் ஆளுக்கொரு குரூப்பில் படமும் பெயரும் பட்டமும் வைத்திருந்தால் எடுப்பதும் இடம் மாற்றுவதும் எளிது. யார் படம் பெரிது என்ற வழக்கை நிர்வாகக் கூட்டத்திலேயே தீர்த்துவிட்டு வாருங்கள்.

ஃபைல் பாழாவது பெரும்பாலும் கடைசி நிமிடத்தில். 'ஃபிளாட்டன் இமேஜ்' செய்து எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபிஜி எடுத்துவிட்டு, பழக்கத்தில் கண்ட்ரோல் எஸ் அழுத்தி மூடுவார்கள். லேயர்கள் அத்தோடு போயிற்று. ஃபிளாட்டன் செய்யவே வேண்டாம். 'சேவ் எ காப்பி' கொடுத்தால் ஜேபிஜி தனியாக வரும், மூலம் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கேன்வாவில் செய்பவர்கள் 'பொசிஷன்' அழுத்தினால் 'லேயர்ஸ்' பட்டியல் கிடைக்கும். ஃபிரேம் படத்துக்குப் பின்னால் சிக்கிய எழுத்தை அங்கிருந்து தேர்வது எளிது. ஃபோட்டோஷாப் வாங்க வசதியில்லாதவர்கள் ஃபோட்டோபீயைப் பிரவுசரிலேயே இலவசமாகத் திறந்து பிஎஸ்டியில் வேலை செய்யலாம். கேன்வா வடிவமைப்பு மட்டும் ஒரு பிள்ளையின் சொந்தக் கணக்கில் கிடக்கக் கூடாது. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் பேனரும் கூடவே போய்விடும். ஆலயக் கணக்கோடு திருத்தும் உரிமை கொடுத்துப் பகிருங்கள்.

கையில் பழைய ஜேபிஜி மட்டுமே உள்ள ஆலயங்கள், அதிலிருந்து பழைய லேயர்களை மீட்க முயன்று பணத்தை வீணாக்க வேண்டாம். மேலே சொன்ன ஐந்து குரூப்பும் அளவுக்கோடும் போட்ட வெற்று பிஎஸ்டியைப் பென் டிரைவோடு வந்தால் இலவசமாகத் தருகிறோம். உபயதாரர் பட்டியலைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பாமல், செயலாளர் இன்ஷியலையும் பட்டங்களையும் சரிபார்த்த பிறகு, தட்டச்சு செய்து ஒரே செய்தியாக அனுப்புங்கள்.