1957 ஐந்து ரூபாய் வெள்ளிக் குத்தியை உருக்கக் கொடுக்க முன்

எங்கள் நகைக்கடை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளி விலை ஏறியதிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குள்ளிருந்தும் மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கமிருந்தும் பழைய வெள்ளி கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டீர்கள். கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ் இவற்றோடு சில பைகளுக்குள் பெரிய குத்திக்காசு ஒன்றும் கிடக்கிறது. 1957 ஆம் ஆண்டு ஐந்து ரூபாய். ஒரு பக்கத்தில் விலங்குகள் வட்டமாகச் சுற்றி வரும். "இதையும் சேர்த்து நிறுங்கோ" என்று தராசில் வைத்துவிடுகிறீர்கள், நாங்கள் அதை மட்டும் எடுத்துத் தனியே வைக்கிறோம். ஏன் என்று பலரும் கேட்கிறீர்கள், அதற்குத்தான் இந்த மடல்.

புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டு நிறைந்ததற்காக அடித்த நினைவுக் காசு அது. 28.28 கிராம் நிறை, 92.5 வீதம் வெள்ளி. அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். உலக யுத்தத்தோடு இங்கே புழக்கத்துக் காசிலிருந்து வெள்ளி போய்விட்டது, சதக்காசெல்லாம் பித்தளை, வெண்கல வகைதான். ஒரு ரூபாய் என்றாலே நோட்டு; வழமையான ஒரு ரூபாய்க் குத்தி 1963 இல்தான் வந்தது. மத்திய வங்கி 1950 இல் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்படியொரு நேரத்தில் இவ்வளவு வெள்ளி போட்டு ஐந்து ரூபாயை அடித்து வெளியிட்டார்கள்.

ஆனால் ஐந்து ரூபாய் அன்றைக்கு லேசான காசில்லை. 1953 இல் கூப்பனுக்குக் கொடுக்கும் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானதற்கே ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்த ஏறின விலைக்கே ஐந்து ரூபாயில் ஏழு கொத்து அரிசி வாங்கலாம். 1954, 55 இல் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்து நாடு கொஞ்சம் தலைநிமிர்ந்தது, 1957 இல் வெளிநாட்டுக் கையிருப்பு திரும்பவும் குறைந்துகொண்டு போனது. எங்கள் ஊருக்கோ அது இன்னொரு விதத்தில் திருப்பமான வருடம், அந்த ஒக்டோபரில்தான் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அவர்களை நம்பித் துறைமுகத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு அதன் பிறகு கையில் காசு புழங்கவில்லை. இப்படிப்பட்ட காலத்தில் ஐந்து ரூபாயை அலுமாரியில் பூட்டி வைக்க எத்தனை பேரால் முடியும்? அடித்தது 5 இலட்சம், அதில் 2 இலட்சத்து 58 ஆயிரம் திரும்பிப் போய் உருக்கப்பட்டன. மிஞ்சியது பாதிக்கும் குறைவு. அதற்குப் பிறகு நகைப் பட்டறைகளில் கரைந்ததற்குக் கணக்கே இல்லை.

இனி விலைக்கு வருவோம். 1957 இல் ஒரு டொலர் 4 ரூபாய் 76 சதம், ஒரு அவுன்ஸ் வெள்ளி ஒரு டொலருக்கும் குறைவு. இந்தக் குத்தியில் சுத்த வெள்ளி 26 கிராம் சொச்சம். கணக்குப் பார்த்தால் அன்றைக்கு அதிலிருந்த வெள்ளி மூன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இன்றைக்கு அது தலைகீழ். 1967 இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 1977 இல் இன்னும் விழுந்தது, 2022 இல் இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர் சில கிழமைகளில் 360 ஐத் தாண்டியதை நாங்கள் எல்லோரும் பெற்றோல் வரிசையில் நின்று அனுபவித்தோம். காசில் அடித்த ஐந்து ரூபாய்க்கு இன்று ஒரு டொபியும் வராது. உள்ளே இருக்கிற வெள்ளி குறையவில்லை. ஆகவே வெள்ளி நிறைக்கு வரும் விலை உங்களுக்கு எப்படியும் உண்டு, அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நாங்களே கேட்டாலும்தான். விலங்குகளின் கால், முகம் தேயாமல் தெளிவாக இருந்தால் சேகரிக்கிறவர்கள் அதற்கு மேலே தருவார்கள். அந்த மேல்விலை உங்களுக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் அதை உருக்கும் தட்டில் போடுவதில்லை, உரைகல்லிலும் தேய்ப்பதில்லை. நிறுத்துப் பார்த்து, விளிம்பைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டுச் சொல்வோம்.

பெண்டனாக்க வளையம் பற்றவைத்திருந்தால் சேகரிக்கிறவர்கள் தொடமாட்டார்கள், அது வெள்ளி நிறைக்குத்தான். அதே வருடத்து ஒரு ரூபாய் நினைவுக் குத்தி பார்க்க இதுபோலவே இருக்கும், ஆனால் அது செம்பும் நிக்கலும், வெள்ளி துளியும் இல்லை. 1998 சுதந்திரப் பொன்விழாப் பத்து ரூபாயிலும், 2013 ஆம் ஆண்டிட்டு இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் வந்த பத்து ரூபாய்களிலும் வெள்ளி இல்லை. எங்கள் திருகோணமலைக் காசைக் கொண்டு வந்து கேட்கிறீர்கள், சந்தோஷம், ஆனால் அதை நகைக்கடையில் விற்க முடியாது, பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தயவுசெய்து ஒன்று செய்யாதீர்கள். கொண்டுவர முன் பழப்புளி போட்டோ பற்பசையாலோ மினுக்காதீர்கள். அந்தக் கறுப்புப் படிவை அப்படியே விட்டால்தான் விலை. மினுக்கின காசில் மெல்லிய கீறல் விழுந்திருக்கும், பூதக்கண்ணாடியில் உடனே தெரியும், வாங்குகிறவர் விலையைக் குறைத்துவிடுவார். விளிம்பில் பிடித்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, மற்ற நகையோடு உரசாமல் கொண்டுவாருங்கள். நிறுத்துப் பார்ப்பதற்குக் காசு எடுக்க மாட்டோம், விற்காமல் திரும்பக் கொண்டுபோனாலும் சரி.

அப்புறம், அம்மாவினதோ அப்பப்பாவினதோ பெட்டியில் இருந்து எடுத்த காசென்றால் சகோதரங்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வாருங்கள். விற்றபிறகு வந்து கேட்டால் எங்களால் திருப்பித் தர முடிவதில்லை.